வெறுந்தட்டில் பொன் பொட்டு

"மறுபடியும் கடல்பாசியா? நோம்புக்குன்னு ஒளிச்சி வெச்சதையெல்லாம் ஆபீசுக்குத் தூக்கிகினு போனா, நான் புள்ளைங்களுக்கு இன்னாத்தக் காய்ச்சிக் குடுக்கறது?" ஜீனத் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உங்க அத்தாவைக் காப்பாத்தத்தான் கேக்கறேன்" என்றான் சௌக்கத் அலி.

டப்பா கைக்கு வந்தது.

சௌக்கத் அலிக்கு ராயபுரத்தில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாமனார் அப்துல் வஹாப் பெரிய சமையல்காரர். போன வாரம் அவர் சமைத்த கல்யாண விருந்தைச் சாப்பிட்டுவிட்டு, பிர்னி என்ற பால் இனிப்பைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் வாந்தி எடுத்தார்கள். கல்யாணமோ கூடத்தின் அதிகாரி ஞானதுரையின் மகளுக்கு. சும்மா விடுவாரா மனுஷன்? வஹாப் இப்போது போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில்.

அவர் கையில் கிருமி உண்டா என்று சோதிக்க மருமகனைத் தவிர ஆளில்லை. உலக யுத்த நேரம், மற்றவர்கள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்திருந்தார்கள். சோதனைக்கு வேண்டிய கடல்பாசியும் ஜப்பானிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சண்டை வந்து அதுவும் நின்றது.

இறைச்சிச் சாற்றில் கடல்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் உறையவைக்க வேண்டும். ஒன்றில் பிர்னி, ஒன்றில் வஹாபின் கையைத் துடைத்த பஞ்சு, இரண்டையும் தீற்றிச் சூட்டுப் பெட்டியில் வைத்தால் கிருமி பொட்டுப் பொட்டாக வளரும். எதையும் தீற்றாத வெறுந்தட்டு ஒன்றும் கூடவே இருக்கும். அது சுத்தமாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம்.

முதல் முறை பிர்னித் தட்டில் பொன்னிறப் பொட்டு வந்தது. மாமனார் தட்டிலும் வந்தது. கர்மம், வெறுந்தட்டிலும் வந்தது.

"கடல்பாசி எங்க வாங்குன?" என்று ஞானதுரை ஆள்காட்டி விரலை நீட்டினார். நகச்சுத்திக்காக அதில் ஓர் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது.

"எங்க வூட்டுதுதான் சார்."

"அப்போ உங்க வூடே கிருமிக் கிடங்கு. மாமனார் கை மட்டும் சுத்தமாவா இருக்கும்?"

மாமனாரைக் காப்பாற்றப் போய்ப் பெண்டாட்டியையும் மாட்டிவிட்டாயிற்று. சௌக்கத்துக்கு அழுகையே வந்தது. அடுத்த முறை கடல்பாசியை இரண்டு மடங்கு நேரம் காய்ச்சினான். தட்டு, கரண்டி, மூடி எல்லாவற்றையும் வேகவைத்தான். தன்னை மட்டும்தான் வேகவைத்துக்கொள்ளவில்லை. அவன் பாத்திரம் கழுவப் போகும்போது அதிகாரி வந்து தட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்றிலும் பொட்டு, முன்னைவிடச் செழிப்பாக.

"நாளைக்கும் இப்படியே வந்தா உங்க வூட்டுக்கு சீல், ஒன் சீட்டு கிழியும். மாமனார் நேரா ஜெயிலுக்கு!"

ஆகவேதான் ஜீனத்தின் கடைசி டப்பா. சௌக்கத் துஆ ஓதிக்கொண்டே ஊற்றினான். பாத்திரம் கழுவக்கூடப் போகாமல் தட்டுகளுக்குக் காவல் நின்றான்.

ஞானதுரை வந்தார். பின்னாலேயே அவர் மனைவி ரோஸ்மேரி சாப்பாட்டுக் கேரியருடன் வந்தாள்.

"ஒறைஞ்சிடுச்சா?" என்றபடி அவர் எலுமிச்சம்பழத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மூடியைத் திறந்து, வெறுந்தட்டில் விரலை அழுத்திப் பார்த்தார்.

சௌக்கத் தட்டைப் பிடுங்கக் கை நீட்டினான். ரோஸ்மேரி முந்திக்கொண்டாள்.

"அய்யய்ய, இங்கேயுமா? கல்யாணத்தன்னிக்கும் காலங்காத்தால இப்படித்தான் பழத்தைக் கழட்டிட்டு, சக்கரை சரியா கீதான்னு பிர்னி அண்டாவுக்குள்ள அந்த வெரலை வுட்டுப் பாத்தீங்க!"