கல்லீரல் பேராசிரியர்

ஆய்வுக்கூடங்களில் வளரும் உயிர்களில், வெள்ளை எலிகளைவிட நன்றாகத் தின்று கொழுத்த இனம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கல்லீரல் பேராசிரியர். நீங்கள் பார்த்ததில்லையா? ஏதாவது ஒரு விருந்தில் தலைவலி என்று மாத்திரை ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். அவரே உங்களைத் தேடி வருவார்.

"அது உள்ள போய் என்ன ஆகும் தெரியுமா?" என்பார். என்ன ஆனால் நமக்கென்ன, வலி போனால் சரி. விடுவாரா? அது குடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே வெட்டுப்பட்டு ஒட்டுப்பட்டு வேறு பொருளாகி, சிறுநீரோடு வெளியேறும் வரை உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். அதற்குள் காபி ஆறியிருக்கும். தலைவலி இரட்டிப்பாகியிருக்கும்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. "என்னங்க, இத முழுங்கட்டுமா, இல்ல உங்க அனுமதி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

இந்த இனம் ஒரே ஒரு மருந்தை நம்பிக் காலம் தள்ளுவது. இவருடையது ஒரு ஸ்டீராய்டு. இளம் வயதில் அதைக் கல்லீரல் சாற்றில் ஊறவைத்து, அமிலம் ஊற்றிப் பிரித்தெடுத்து, கல்லீரல் அதைப் புதிய பொருளாக மாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். அவ்வளவுதான். அந்த ஒன்றே அவருக்குப் பதவி வாங்கிக்கொடுத்து, வீடு கட்டிக்கொடுத்து, மேடை மேடையாக ஏற்றிவிட்டது.

அவரிடம் ஒரு மாணவி இருந்தாள். வெளியூரில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது; பட்டம் வந்தால்தான் அந்த வேலை. ஆய்வு முடியப்போகும் நேரத்தில் அவள் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தாள். கல்லீரல் சாறே சேர்க்காமல், வெறும் தண்ணீரில் மருந்தைப் போட்டு, அதே அமிலத்தை ஊற்றிப் பார்த்தாள். அதே புதிய பொருள் வந்து நின்றது.

"சார், கல்லீரல் ஒண்ணுமே பண்ணல. நாம ஊத்துற அமிலம்தான் மருந்த மாத்துது."

"சோதனைக் குழாய ஒழுங்கா கழுவியிருக்க மாட்டம்மா."

"புதுக் குழாய் சார்."

"அப்ப அமிலத்துலதான் கோளாறு."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்."

பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது. அன்றோடு அவளுடைய ஆய்வேடு அவர் மேசையில் கிடப்பில் விழுந்தது. கேட்டால் கூட்டம் என்பார், இன்னொரு நாள் கேட்டால் பயணம் என்பார், விடாமல் கேட்டால் "அவசரப்படுறவங்களுக்கு விஞ்ஞானம் வராதும்மா" என்று புத்திமதி சொல்வார். வேலை தருவதாகச் சொன்னவர்களோ, இந்த மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் கழிவறையில் போய் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு கட்டுரை எழுதினாள். இந்த மருந்தைப் பற்றி நெடுநாளாக நிலவிவரும் தவறு ஒன்றைத் திருத்தும் கட்டுரை. எழுதியவர் பெயர்களில் முதல் பெயர், பேராசிரியருடையது. அதற்குப் பின்னால் தன்னுடையது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். முதல் பெயரை இன்னொரு முறை படித்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. எனக்கு இந்தச் சந்தேகம் ஆரம்பத்துலேர்ந்தே உண்டு."

அன்று மாலையே ஆய்வேடு நகர்ந்தது. அவளுக்குப் பட்டமும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அவள் கண்டுபிடித்தது மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இப்போது அவர் மேடைதோறும் அந்தத் தவறைப் பற்றித்தான் பேசுகிறார். "யாரோ எப்பவோ அவசரப்பட்டுட்டாங்க. இத்தன வருஷமா ஒருத்தர்கூட கவனிக்கல, பாருங்க" என்று அவர் குரல் தழுதழுக்க, கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வீட்டிலோ அலுவலகத்திலோ நீங்கள் செய்துவைத்த குளறுபடியைச் சத்தம் போடாமல் சரிசெய்து கொடுத்துவிட்டு, "நான் அப்பவே நினைச்சேன்" என்று நீங்கள் சொன்னதையும் வாய்மூடிக் கேட்டுக்கொண்ட ஒருவர் இருப்பாரே, அவர் கண்ணில் மட்டும் இந்தப் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.