இரண்டு இடுப்பு, ஒரு போத்தல்

என் மனைவியை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தது, எலிசபெத் மகாராணி இலங்கைக்கு வந்துபோன மறு வருஷம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவளுடைய இடுப்பைக் குணப்படுத்தத்தான்.

என் பெயர் ஆண்டியப்பன். நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் துரையின் நாய்க்கு நான்தான் காவல், சாப்பாடு, குளியல், சகலமும். நாயின் பெயர் மேஜர். அதை வெறும் பெயர் சொல்லி அழைக்கக் கங்காணிக்குக்கூடத் தைரியம் கிடையாது. "மேஜர் வர்றாரு, ஒதுங்குங்க" என்பார். பின்னால் வரும் என்னை "ஏய்" என்பார்.

இந்த வேலை எனக்குக் கிடைக்கக் காரணம் என் நெஞ்சு. எனக்கு இழுப்பு. மலை ஏறினால் பத்தாவது அடியில் மூச்சு விசில் அடிக்கும். பங்களாவில் சமதரை. துரைசானியின் காலில் விழுந்து இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் மனைவி காளியாயி. அவள் மட்டும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தினமும் மலை ஏறினாள். அவளுக்குப் பிறவியிலேயே இடது இடுப்பு சரியில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாயும்.

பெண் பார்க்கப் போன அன்று அவள் கடைசிவரை உட்கார்ந்தே இருந்தாள். என்ன அடக்கம் என்று என் அம்மா பூரித்துப்போனாள். நான் ஏமாந்த கதை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அந்த வருஷம் மேஜருக்கும் பின்னங்கால் சாய ஆரம்பித்தது. நுவரெலியாவிலிருந்து நாய் டாக்டர் காரில் வந்தார். மேஜரைப் புல்லில் படுக்கவைத்து, காலை மடக்கி, நீட்டி, அரை மணி நேரம் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதைச் சமையல்கார இராமையா அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார்.

"தொடை எலும்போட உருண்டை இடுப்புக் குழியில சரியா உக்காரலையாம்ப்பா. குழி ஆழம் பத்தாதாம். பொறவியிலயே வர்றதாம்."

ஒரு பெரிய போத்தல் தைலம் கொடுத்தார். மூன்று வேளை தேய்க்க வேண்டும். வாராவாரம் புதுப் போத்தல் வரும். மூன்று மாதத்தில் மேஜர் நடக்காவிட்டால் சுட்டுவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். நாய் போனால் நாய்க்காரனுக்கு என்ன வேலை? தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் மலையும்தான்.

எனக்கு அந்தக் கவலைகூடத் தோன்றவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்துக்கு ஓடினேன்.

"காளியாயி, ஒன் வியாதி என்னன்னு தெரிஞ்சுபோச்சு."

"எந்த டாக்டரு சொன்னாரு?"

"நாய் டாக்டரு."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஒனக்கும் மேஜருக்கும் ஒரே வியாதி புள்ள."

அதன்பிறகு மூன்று நாள் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் தட்டுமுட்டுச் சாமான்களின் சத்தம் மட்டும்தான். நாலாம் நாள் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்தத் தைலத்துல ஒனக்கும் கொஞ்சம்..."

"நாய் மருந்த நாய்க்குப் போடுங்க."

"நாயா இருந்தா என்ன? இடுப்பு இடுப்புத்தான?"

"அப்ப நீங்களும் அது கூண்டுலயே போயிப் படுத்துக்குங்க."

அன்றுதான் அந்த முடிவை எடுத்தேன். தைலத்தைச் சின்னப் போத்தலில் ஊற்றினேன். நாயின் போத்தலில் தேங்காய் எண்ணெயை நிரப்பி, மணத்துக்குக் கற்பூரம் கரைத்தேன். சின்னப் போத்தலோடு வீட்டுக்கு வந்தேன்.

"அட்டன்ல ஒரு டாக்டர்கிட்டச் சொல்லி வாங்கியாந்தேன். மனுசங்களுக்கு உள்ளது."

காளியாயி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கிக்கொண்டாள்.

"வெளிய போங்க. இடுப்புல தேய்க்கணும்."

"நான் தேய்ச்சு விடட்டுமா?"

"பக்கத்துக் காம்பராவுல ஆள் இருக்கு. போங்க."

வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து தைல வாசனை வந்தது. வெற்றியின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அவள் நடை மாறியது. சாய்வு குறைந்தது. ஒரு மாதத்தில் லயத்து வாசலில் நேராக நடந்தாள். "வலி இருக்கா?" என்று கேட்டால், "எங்க இருக்கு?" என்பாள். முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெயில் இல்லாத மாதம், அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதைவிட ஆச்சரியம், மேஜரும் நடந்தது. வெறும் தேங்காய் எண்ணெயில் நடந்தது. துரை என் தோளில் தட்டினார். நுவரெலியா டாக்டருக்கே தெரியாத வைத்தியம் என் கையில் இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. இரண்டு இடுப்பை ஒரே மூளையால் குணப்படுத்தியவன் நான். மத்தியானம் குசினிக்குப் பின்னால் படுத்து நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நேரத்தில் பங்களாவுக்குக் கீழே மடுவக் கொட்டகையில் பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். மேஜரின் கூண்டிலிருந்து மடுவத்துக்கு ஐம்பது அடி தூரம்கூட இருக்காது.

மூன்றாவது மாதம் ஒரு நாள், மேஜரின் நடையைத் தோட்டத்துக்கே காட்டத் துரை ஆசைப்பட்டார். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்கு வந்தோம். முன்னால் மேஜர், அடுத்தது துரை, கடைசியில் நான். கங்காணி தலைப்பாகையை எடுத்துவிட்டு நின்றார். முப்பது பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள்.

மேஜர் யாரையும் பார்க்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நேராகக் காளியாயியிடம் போனது. அவள் காலடியில் சரிந்து படுத்தது. பின்னங்காலைத் தூக்கி இடுப்பைக் காட்டியது. தேய்த்துவிடு என்று சொல்லாத குறைதான்.

பெண்கள் சிரித்தார்கள். "காளியாயி அக்காவோட மத்தியான விருந்தாளிய பாருங்கடி" என்றாள் நாகலெட்சுமி. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இராமையா அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். கண்டும் காணாததுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வரும். "இந்தப் பொம்பளை நாய்க்கு மருந்து போடுறது?" என்று கங்காணியைக் கேட்டார். கங்காணி தலையாட்டினார். துரை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லது. நாளைக்கு இவ பங்களா. இவன் மலை."

காளியாயியின் முகம் மாறியது. "ஐயா, வேணாங்கய்யா, அவருக்கு நெஞ்சு..." என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நாலு அடிதான். நேராக நடக்க மறந்துபோன நாலு அடி. முன்னைவிட மோசமாக, தரையைத் தொட்டுவிடுவதுபோலச் சாய்ந்தாள். மூன்று மாதமாக லயத்து வாசலில் பல்லைக் கடித்து எனக்காக நடந்துகாட்டியதெல்லாம் அந்த இடுப்பில் சேர்ந்திருந்தது.

பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. துரை மேஜரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இரண்டும் ஒரே நடை" என்று அவர் மட்டும் சிரித்தார்.

சாயங்காலம் நான் கேட்டேன்.

"நாய் மருந்துன்னு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. மூடியில நாய் மயிரு ஒட்டியிருந்துச்சு. நான் எழுத்துத்தான் படிக்கல, கண்ணு தெரியும்."

"அப்ப ஏன் பூசிக்கல?"

"அதுக்குக் கொணமாகாட்டிச் சுடுவாங்க. அப்புறம் ஒங்கள மலைக்கு ஏத்துவாங்க. ஒரு வீட்டுல ஒருத்தரு ஏறினாப் போதும்."

"வலிச்சுச்சா?"

அவள் அடுப்பை ஊதினாள். புகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். என் பக்கம் புகை வரவில்லை.

மறுநாள் விடிகாலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் மலை ஏறித்தான் ஆக வேண்டும். அது இனிமேல் அவளாக இருக்கக் கூடாது. அன்று முழுவதும் மரத்துக்கு மரம் உட்கார்ந்து எழுந்தேன். உட்கார்ந்தது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். மூன்று மாதம் அவள் மறைத்தாள். ஒரு சாயங்காலம் என்னால் முடியாதா?

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தேன்.

"மலைன்னா மலைதான் புள்ள. என்னா காத்து. இழுப்பே வரல. பங்களாவுல அடைஞ்சு கெடந்துதான் எனக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. கங்காணியே அசந்துட்டாரு. நாளைக்கு மேல்மலைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்..."

நிறுத்தாமல் பேசினேன். மறைக்காமல் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, காளியாயி என் எதிரில் உட்கார்ந்தாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி" என்றாள். "இப்பக் கொஞ்சம் பேசாம இருங்க."

வாயை மூடினேன். நெஞ்சு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.