சுக்கிர திசைக்கு அரை மணி நேரம்

கணக்கு வாத்தியார்கள் சோதிடம் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், முதல் ஆளாக நான் ஆதரிப்பேன். பலன் பொய்த்துவிடும் என்பதற்காக அல்ல. நாங்கள் அதை நிமிடக் கணக்கில் நம்பிவிடுவோம் என்பதற்காக.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. குனோங் ராபாட்டில் தங்கச்சி வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, தினமும் விடிவதற்குள் காரை எடுத்துத் தாப்பாவில் ஒரு பள்ளிக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போவேன். (விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் வெட்டுகிற ரகம். மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அச்சில் வரக்கூடியது அல்ல.) ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசை பவானி டீச்சர். தாப்பாக்காரர், புவியியல் ஆசிரியை. நான் வெறும் வயிற்றோடு வருகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என் மேசையில் ஒரு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் வைக்க ஆரம்பித்தார். இரண்டு வருடம், ஒரு பள்ளி நாள் தவறாமல். எனக்கு அவரை எவ்வளவு பிடித்திருந்தது என்றால், சனிக்கிழமை விடிந்தாலே எரிச்சலாக இருக்கும்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் எனக்குக் கேது திசை நடந்துகொண்டிருந்தது.

சோதிடத்தில் ஒவ்வொரு கிரகமும் முறை வைத்து நம்மை ஆளும். அந்த ஆட்சிக்காலம்தான் திசை. கேதுவுக்கு ஏழு வருடம், கிடைப்பதையெல்லாம் பிரித்துவிடுகிறவர். அடுத்து வருகிற சுக்கிரனுக்கு இருபது வருடம். காதல், கல்யாணம், புதுக் கார் எல்லாம் அவர் இலாகா. ஒரு திசை முடிந்து இன்னொன்று பிறக்கும் சந்தியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். நான் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

சுக்கிரன் எந்த நாளில் வருகிறார் என்பது நாம் பிறந்த நிமிடத்தில் நிலா நின்ற இடத்தைப் பொறுத்தது. நான் பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து 'ஐந்து இருபத்தைந்து' என்று எழுதி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு (அதிகாலையில் ஆள் எண்ணுவார்களே, அதற்கு) ஓடியிருக்கிறார். அந்த நேரத்தைக் கணினியில் போட்டேன். நாற்பது பக்கம் அச்சாகி வந்தது. சுக்கிர திசை ஆரம்பம்: ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, காலை பத்து நாற்பத்து மூன்று. எங்கள் பள்ளி இடைவேளை நேரம்! சுக்கிரன் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார் என்று பூரித்துப்போனேன்.

மார்ச் கடைசிச் செவ்வாய்க்கிழமை பவானி டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாரீங்களா? அம்மா உங்கள பாக்கணும்னாங்க."

போக ஆசைதான். ஆனால் காரியம் கேதுவின் கையில் சிக்கிவிடுமே.

"வயிறு சரியில்ல, டீச்சர்."

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதானே, சார்?"

"ஞாயித்துக்கிழமையும் சரியா இருக்காது."

(இப்படி ஒரு பதிலை என் மாணவன் சொல்லியிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.) மறுநாள் மேசையில் நாசி லெமாக் இல்லை. தூக்குச்சட்டியில் கஞ்சி இருந்தது. ஒரு வாரம் முழுக்கக் கஞ்சி குடித்தேன்.

அதன் பிறகும் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் அதே வயிறு. ஜூன் மாதம் பொட்டலமும் நின்றது. கேது கிளம்புகிற நேரத்தில் கைவரிசை காட்டுகிறார் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டு முதல் வாரம் என் மேசையில் ரோஜா நிறத்தில் ஒரு கவர் வைத்தார். அவர் கையெழுத்தில் என் பெயர். சுக்கிரன் வந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக எடுத்து வைத்தேன்.

அந்தப் புதன்கிழமையும் வந்தது. பத்து நாற்பத்து மூன்று. நான் எழுந்த வேகத்தில் ஒரு கோப்பை மைலோ கவிழ்ந்து மூன்றாம் படிவ வகுப்பின் விடைத்தாள்கள் மேல் ஓடியது.

"டீச்சர், உங்க வீட்டுக்கு வந்து பேசணும். கல்யாண விஷயமா. நமக்கு."

ஆசிரியர் அறை மொத்தமும் வாயில் வைத்ததை மெல்லாமல் பார்த்தது. பவானி டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் வச்ச கவர நீங்க பிரிக்கவே இல்லையா, சார்?"

பிரித்தேன். அவருடைய நிச்சயதார்த்த அழைப்பு.

மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். துணி கொண்டுவந்து மைலோவைத் துடைத்ததும் அவர்தான். "இத்தன மாசம் என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். நாற்பது பக்கச் சாதகத்தையும் எடுத்து நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னுக்குன்னு போட்டிருக்கீங்களே. நீங்க எழுபத்தொம்பதுல பொறந்தவருதானே?"

"ஆமா."

"அப்ப நம்ம நாட்டு நேரம் ஏழரைலா, சார். எம்பத்திரண்டு பொறக்கும்போதுதான் கடிகாரத்த அரை மணி முன்னுக்குத் தள்ளுனாங்க."

அரை மணிதானே என்று நினைத்துக்கொண்டே கைப்பேசியில் எட்டை ஏழரை ஆக்கினேன். அந்த அரை மணியில் நிலா நகர்கிற தூரம், என் நட்சத்திரத்துக்கு, திசைக் கணக்கில் நாலரை மாதத்துக்கும் மேல். சுக்கிர திசை மார்ச்சிலேயே பிறந்திருந்தது. அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட செவ்வாய்க்கிழமைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு.

அவரும் தேதியைப் பார்த்தார்.

"ஒருத்தரு இருக்காரு, ஞாயித்துக்கிழமை வருவாருன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். நண்டுக் கொழம்புகூட வச்சேன். மூனு வாட்டி கூப்பிட்டேன், சார். அதுக்கு மேல எப்படிக் கூப்பிடுறது?"

மணி அடித்தது. மூன்றாம் படிவத்துக்குப் போய்ப் பின்னம் நடத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. டிசம்பர் விடுமுறையில் கல்யாணம் முடிந்து அவர் மாற்றலாகிப் போனார். சுக்கிர திசை எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்பது வருடத்துக்குக் குறையாமல் மிச்சம் இருக்கிறது. எண்பத்திரண்டுக்கு முன் பிறந்த சொந்தக்காரர்கள் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். திருத்திக் கொடுக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்காமல் ஒரு சாதகத்தையும் என்னால் திருத்த முடிவதில்லை. எதிர் மேசையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பெயர் கேட்டால் ஒரு நொடி யோசிக்க வேண்டும்.

இந்தக் கதையைத் தங்கச்சியிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தவறு. இன்றுவரை சாப்பாட்டு வேளையில் மாடிப்படியில் நின்று கத்துகிறாள்: "அண்ணே, சோறு ஆறுது! இப்ப வாரீங்களா, நாலரை மாசம் கழிச்சு வாரீங்களா?" பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். மச்சான் சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து உட்காருவேன். அவள் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுவாள்.