உன் அக்காவின் செடியை வந்து எடுத்துப் போ

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகனும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், அந்த மட்டில் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் அப்படியாவது இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். இதற்கு மேல் மரியாதை வார்த்தை எழுத மனமில்லை, விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவின் செடி சாகக் கிடக்கிறது. தயவுசெய்து வந்து எடுத்துப் போ. ஒரே வருஷத்தில் இந்த வீட்டில் இரண்டு சாவைப் பார்க்க என்னால் ஆகாது.

எந்தச் செடி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோடா பாட்டிலில் தண்ணீர் விட்டு, அதில் ஒரு துண்டுக் கொடியைச் செருகி நீ கொண்டுவந்து கொடுத்தாயே, அந்த ஃபிலோடெண்ட்ரான்தான். ஹாலில் புத்தக அலமாரி மேல் உட்கார்ந்து, ஜன்னல் கம்பி வரைக்கும் படர்ந்து போயிருந்தது. அவள் இருந்தவரை நான் அதைத் தொட்டதில்லை. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள், "ஈரம் இருந்தா பேசாம போயிடணும்"னு சொல்வாள். செடியிடம் பேசுகிறாள் என்று நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அவள் போன பிறகு ரொம்ப நாள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன், ஹால் பக்கமே வரவில்லை. ஒருநாள் எழுந்து வந்து அலமாரியைப் பார்த்தால், மச்சான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவள் காலத்தில் கரும்பச்சையாக இருந்த இலைகளில் நடுவே வெளிறிய மஞ்சள் கோடு! ஒன்று விடாமல் எல்லா இலையிலும். மனுஷனுக்குக் கவலையில் தலை நரைப்பதில்லையா, அதுபோல இதற்கும் துக்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பாதி ஆயுளை மருந்துக்கடைக் கவுன்டரில் கழித்தவன் சும்மா இருப்பேனா? ரத்தசோகைதான் என்று தீர்மானித்து இரும்புச்சத்து டானிக்கைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். கோடு போகவில்லை. பி காம்ப்ளெக்ஸைப் பொடித்துப் போட்டேன், எறும்பு வந்ததுதான் மிச்சம். வெயில் படட்டும் என்று பால்கனியில் வைத்தேன், இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. ஈரக்காற்று நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டுக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தால், மகன் உள்ளேயிருந்து கத்துகிறான்: "அப்பா, நான் குளிக்கிறதுக்குக் காவலா இது?" எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான் வந்தபோதெல்லாம் "உங்க மணி பிளான்ட் ஜோரா இருக்கு சார்" என்றார். உன் அக்கா கோபப்படுவது போலவே நானும், "இது மணி பிளான்ட் இல்ல, கண்ணைத் திறந்து பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அவர் வருவதில்லை. மருமகள் மட்டும் நான் கோட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் "மாமா, அது வந்து..." என்பாள், பிறகு அடுப்படிக்குள் போய்விடுவாள். பாவம், அவளுக்கும் அத்தை நினைப்பு.

டானிக் போதாதென்று காலையும் மாலையும் ஒரு சொம்புத் தண்ணீர் வேறு. இப்போது அடி இலைகள் முழு மஞ்சளாகித் தொங்குகின்றன, தண்டைத் தொட்டால் கொழகொழ என்கிறது, தொட்டியில் வாடை. போன வாரம் காலையில் ஹாலுக்கு வந்தால் மகன் ஷூவைப் போட்டுக்கொண்டு, தன் டம்ளர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"நீ எதுக்குடா ஊத்தற?"

"அம்மா ஊத்துவாங்களேன்னு..."

"எத்தனை நாளா?"

"தினமும்தான்ப்பா."

காரியங்கள் முடிந்த நாளிலிருந்து அவன் வாயில் 'அம்மா' என்ற வார்த்தையே வந்ததில்லை, மச்சான். அதைச் சொன்ன கையோடு டம்ளரை வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடிவிட்டான். ஆக, அப்பனும் பிள்ளையும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் ஊற்றி அதை மூழ்கடித்திருக்கிறோம். அவனை நான் எப்படித் திட்டுவது? செடி போய்விட்டால் அவன் தாங்குவானா என்றுதான் எனக்குப் பயம். அதனால் அது உயிரோடு இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டுபோய்விடு. மாமா வீட்டில் நன்றாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லிக்கொள்கிறேன். பிழைக்கவில்லை என்றால் எனக்கும் சொல்லாதே.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், கேட்டது கிடைத்து, நீண்ட காலம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: விலாசம் சரியா பார் என்று மருமகளிடம் கொடுத்தேன். அவள் கடிதத்தையே படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, அத்தையோட செடி அவங்க போன ஒரு மாசத்துலயே காஞ்சு போயிடுச்சு. நீங்க படுத்துட்டீங்க, அவர் யார்கூடயும் பேசல, நானும் மறந்துட்டேன். ஒருத்தரும் தண்ணி ஊத்தல. அப்புறம் நான்தான் நர்சரியில இதை வாங்கி அதே தொட்டியில வச்சேன். முழுப்பச்சை அங்க இல்ல. அந்தக் கோடு இதோட ஜாதி மாமா, நோயில்ல" என்று அழுதாள். பிறவியிலேயே இருந்த கோட்டுக்கா நான் டானிக் கொடுத்தேன்! முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, காய்ந்த கொடியை எங்களுக்குத் தெரியாமல் தனியாக அள்ளிக் கொட்டியிருப்பாளே என்று நினைத்ததும், "விடும்மா" என்றேன்.

அழுகியதையெல்லாம் வெட்டிவிட்டோம். நல்ல துண்டு ஒன்று கிடைத்தது, சோடா பாட்டிலில் வைத்திருக்கிறோம். சாயங்காலம் மகன் வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா செடி பிழைச்சுடுமாப்பா?" என்றான். "பிழைச்சுடும்" என்றேன். ஆகவே நீ செடியை எடுத்துப்போக வேண்டாம், சும்மா வா. பாட்டிலில் இருப்பது நீ கொடுத்த கொடி இல்லை என்று அவனுக்குத் தெரியாது, வாயைத் திறக்காதே. மகன் கோட்டைக் காட்டிக் கேட்டால், துக்கத்தில் வெளுத்தது என்றே சொல்.