எலி டாக்டர் ஊதிய சோப்புக் குமிழ்

முனைவர் பட்டம் வாங்கியவன் எஸ்டேட்டுக்குப் போகும்போது அதைக் கொச்சியிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. நான் கையோடு கொண்டுபோய்விட்டேன்.

கொச்சியில் நான் செய்யும் ஆராய்ச்சி எலிக்குஞ்சின் நுரையீரலைப் பற்றியது. ஆனால் வண்டிப்பெரியாரில் என் மாமியார் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில், டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர்தான். (நான் திருத்தவில்லை. மரியாதை ருசியாக இருந்தது.)

பிரசவத்துக்கு அங்கே போயிருந்த என் மனைவி செல்விக்கு எட்டாம் மாதம் பிறந்ததுமே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். அது வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும், அதற்குள் பிறந்துவிட்டால் குழந்தைக்கு மூச்சு சிரமம் என்றார் டாக்டர். (இவர் அசல்.) அந்த ஒரு நாளை எப்படியோ கடத்தினோம். மறுநாள் மத்தியானம் செல்வியை உள்ளே கொண்டுபோனார்கள். லயமே ஜீப்பில் வந்து வராந்தாவில் இறங்கியது.

"மாப்ள, நீங்களும் டாக்டருதான? உள்ள போயிப் பாருங்க!" என்றார் அத்தை.

"நான் எலிக்குத்தான் அத்த..."

"எலிக்கா? இம்புட்டு வருசமா எலிக்கா படிச்சீக?"

மானம் கப்பலேறியது. பயமும் வெட்கமும் சேர்ந்தால் நான் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவேன். கைகழுவும் இடத்திலிருந்த சோப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, ஸ்ட்ராவால் ஊதினேன்.

"வெறும் தண்ணியில குமிழு நிக்காது. நுரையீரல்ல இருக்கிற குட்டிப் பைகளும் அப்படித்தான், சுருங்கி ஒட்டிக்கிரும். ஒட்டாம இருக்க உடம்பே சோப்பு மாதிரி ஒண்ணு சுரக்கும். அதுக்கு உத்தரவு போடுற ஜீனுக கடைசி மாசங்கள்லதான் நல்லா முழிக்கும். அந்த ஊசி அதுகள முன்னாடியே எழுப்பி விடுது."

"எந்திரிச்சிருச்சா?" என்றார் அத்தை.

அதுதான் எனக்கும் தெரியவில்லை. எலியாக இருந்தால் வெட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பேன். டம்ளரைக் கீழே வைக்கப்போய், பாதியைத் தரையில் கொட்டினேன்.

அப்போது உள்ளேயிருந்து ஓர் அழுகுரல். வராந்தாவே அதிரும்படி ஒரு கத்தல். ஜீன்கள் முழித்துவிட்டன! ஓடினேன். என் சோப்பிலேயே வழுக்கி, கதவைத் திறந்த நர்ஸின் காலடியில் போய் விழுந்தேன்.

"அய்யோ! ஆரா இவிடெ சோப்பு ஒழிச்சது?" என்றார் அவர், சோப்பைக் கொட்டியது யாரென்று மலையாளத்தில். லயம் மொத்தமும் என்னைக் கைகாட்டியது.

மணிக்கட்டு முறிந்திருந்தது. தரையில் கிடந்தபடியே தேம்பி அழுதேன். வலியில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். வலியாவது ஒன்றாவது! அப்படியொரு நிம்மதியை நான் வாழ்நாளில் அறிந்ததில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் வீடு இரண்டாகும்படி கத்தும்போதெல்லாம் அத்தை சொல்வார்:

"மெல்லக் கத்துடி. ஒங்கப்பா ஓடியாந்து விழுந்துறப் போறாரு."