மாமாவின் கறுப்புக் கோட்டும் பக்கத்து மண்டபத்துப் பெட்டியும்

சொந்தப் புத்தியால் ஒரு சேர்ட்கூட நான் தேர்ந்தெடுத்தது கிடையாது. இதை எங்கேயாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதின்மூன்று வயதில் ஒரு ராப் பாடகனைப் பார்த்துவிட்டு, முழங்கால் வரை தொங்கும் பெனியனோடு கொழும்பில், வெள்ளவத்தை ரயில் பாதை ஓரமாக உலாவினேன். (கோயிலில் ஒரு அம்மா என் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "வீட்டில ஏதும் கஷ்டமோ?" என்று விசாரித்தார்.) பதினாறில் கொரியப் பாடகர்களின் முறை. நெற்றி மயிர் இரண்டு கண்ணையும் மூடியதால் பஸ் இலக்கம் தெரியாமல் ஏறி நுகேகொடையில் போய் இறங்கினேன். இருபதில், காதலில் தோற்ற ஒரு கதாநாயகனுக்காகத் தாடி வளர்த்தேன். என்னைக் காதலிக்கவே யாரும் முன்வராத நிலையில் தோற்பதற்கும் வழியில்லை. தாடி மட்டும் காரணமில்லாமல் வளர்ந்தது.

இந்த நோய் எனக்குப் பெரியமாமாவிடமிருந்து வந்தது. அம்மாவின் மூத்த அண்ணன். கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதினார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப் போவார். படம் முடிந்தால் வீட்டுக்கு வரமாட்டோம். நேரே இரண்டு சந்து தள்ளியிருந்த தையல்கார நானாவிடம் போவோம். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.) கதாநாயகனின் கொலர் எப்படி இருந்தது, பொக்கற்றுக்கு மூடி இருந்ததா இல்லையா என்று மாமா ஒரு தாளில் கீறிக் காட்டுவார். நானா படமே பார்க்காதவர். ஆனாலும் கீறியதை அப்படியே தைத்துவிடுவார். ஐம்பத்தெட்டு வயதில், வழுக்கைத் தலையோடு, இருபத்தைந்து வயது நடிகனின் பூப்போட்ட சேர்ட்டில் மாமா காலி வீதியில் மரக்கறி வாங்குவார். மாமி நாலு அடி தள்ளித்தான் நடப்பா.

நானும் மாமாவும் ஏழு தரம் பார்த்த படம் ஒன்று உண்டு. அதில் அண்ணனின் செத்தவீட்டுக்குத் தம்பி வருவான். நீளக் கறுப்புக் கோட், கறுப்புக் கண்ணாடி, மெதுவான நடை. அழமாட்டான். வந்து பெட்டிக்குத் தோள் கொடுப்பான். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் மாமா என் தொடையைப் பிடித்து நசிப்பார்.

பிறகு மாமாவுக்கு வருத்தம் வந்தது. வயிற்றில் தொடங்கி எல்லா இடமும் பரவியிருந்தது. ஒரே மகள் சுபா மச்சாள் டொரொண்டோவில். அவளுடைய விசா அலுவல் முடியாததால் அங்கிருந்து வெளியே கால் வைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோபி, கொள்ளி நீதான் வைக்கவேணும்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ மாமா."

"வைப்பாயோ, மாட்டாயோ?"

"ஓம் மாமா."

"ஆனா ஒண்டு. மூக்கைச் சிந்திக்கொண்டு வரக்கூடாது. அவன் வாற மாதிரி வரவேணும்."

யார் அவன் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மாமி தலையில் அடித்துக்கொண்டா.

ஒரு வியாழக்கிழமை மாமா போய்விட்டார். ஞாயிறு காலை கிரியை, அது முடிய தகனம். எனக்கு வயது இருபத்துநாலு. புத்தியுள்ள இருபத்துநாலு வயதுக்காரன் என்றால் வேட்டி வாங்கப் போயிருப்பான். நான் கொட்டாஞ்சேனைக்கு, நானாவிடம் ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் நானா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்தார்.

"இது அவரு தைக்கக் குடுத்தது மகன். ஆறு மாசமா பாதியிலே இரிக்கி. அளவு பாக்க வாறேண்டு சொன்ன மனுசன், வரவே இல்ல."

அதே கோட். மாமா தனக்காகத் தைக்கக் கொடுத்திருக்கிறார், ஒருவருக்கும் சொல்லவில்லை.

"புதுசா வெட்ட நாளில்ல. இதையே முடிச்சு, ஏலுமான மட்டும் புடிச்சுத் தாறன்," என்றார் நானா.

மாமாவின் வயிறு என்னுடையதைவிட மூன்று மடங்கு. நானா எவ்வளவு பிடித்தும் கோட்டுக்குள் இன்னொருவருக்கு இடமிருந்தது. கை, விரல்நுனி வரை வந்தது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு அந்தத் தம்பிதான் தெரிந்தான். (என் கண்ணாடிகள் எப்போதும் எனக்குப் பொய்தான் சொல்லும்.)

என் திட்டம் எளிமையானது. மாமாவின் உடலை வைத்திருந்த பொரளை மலர்ச்சாலைக்குக் காலை ஒன்பதுக்குக் கோட்டோடு போவது, மெதுவாக நடந்து உள்ளே நுழைவது, மாமாவின் முகத்தைப் பார்ப்பது. பிறகு பின்பக்கம் போய்க் கோட்டைக் கழற்றி, பையிலிருக்கும் வேட்டியைக் கட்டி, ஒன்பதரைக்குக் கிரியையில் உட்காருவது. மாமாவுக்கு அவர் கேட்ட வருகை, குருக்களுக்கு அவர் கேட்ட வேட்டி.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். மலர்ச்சாலையில் பெட்டி தூக்குகிறவர்களின் சீருடையும் கறுப்புக் கோட். அவர்களுக்கும் அது பொருந்துவதில்லை.

அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம். கறுப்புக் கண்ணாடியோடு வெயிலிலிருந்து உள்ளே வந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடைக்கூடத்துக்குள் நுழைந்ததுமே ஒரு பெண் என் கையில் மலர்வளையம் ஒன்றைத் திணித்தார். "மல்லி, மே மல்வடம எத்துலட கெனியன்ன." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. உள்ளே கொண்டுபோகட்டுமாம். பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, மரியாதைக்காகக் கொண்டுபோனேன். அது பக்கத்து மண்டபம். யாரோ ஒரு சிங்களக் குடும்பத்தின் தாத்தா. அவரைத் தூக்குகிற நேரம். ஐந்து கறுப்புக் கோட்டுகள் பெட்டியைச் சுற்றி நின்றன. ஆறாவது ஆளைக் காணவில்லை. நரைத்த தலையோடு ஒரு பெரியவர், செத்தவரின் மகனாக இருக்கவேண்டும், கண்ணீர் வழிய என்னைப் பார்த்து, "மல்லி, மேக்க அல்லன்ன" என்று பெட்டியின் ஒரு மூலையைக் காட்டினார். இதைப் பிடி என்கிறார்.

என் சிங்களம் மரக்கறிக் கடையில் பேரம் பேசும் அளவுக்குத்தான். 'ஐயா, நான் இங்கே வேலைக்காரனல்ல, ஒரு படத்தில் வரும் தம்பி' என்று அழுகிற மனிதரிடம் சொல்ல அதில் இடமில்லை. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி, தோள், கறுப்புக் கோட் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததில் எனக்குள் ஏதோ புல்லரித்தது. பிடித்தேன்.

வாசல் வரைதான் என்று நினைத்தேன். பெட்டியோடு எங்கள் மண்டபத்தின் திறந்த கதவைக் கடந்தபோது உள்ளே அம்மா தெரிந்தா. மாமி தெரிந்தா. வருகிறவர்களைப் பிடிப்பதற்காகக் கதவைப் பார்த்து நிறுத்தியிருந்த வீடியோக் கமராவும் தெரிந்தது. அதன் மறுமுனையில் டொரொண்டோ, லண்டன், சுவிஸ் என்று எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரும் நேரலையில் உட்கார்ந்து, கொள்ளி வைக்கிறவன் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளி வைக்கிறவன் கறுப்புக் கண்ணாடியோடு, மெதுவான நடையில், யாரோ ஒருவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைக் கடந்து போனான்.

வாகனத்தில் பெட்டியை ஏற்றியதும் திரும்பினேன். மலர்ச்சாலை மேற்பார்வைக்காரர் என் முதுகில் கை வைத்து மற்ற ஐவரோடு வான் வண்டிக்குள் தள்ளிவிட்டார். கனத்தை மயானம் கிட்டத்தான், ஆனால் எரிப்பதல்ல, புதைப்பது. கயிறு பிடிக்கவும் ஆறு பேர் வேண்டும். என் போன், வேட்டியோடு பைக்குள். கயிற்றைப் பிடித்தபடி, முன்பின் தெரியாத மனிதரைக் குழிக்குள் இறக்கும்போது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அந்தப் பெரியவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருடைய தகப்பனுக்காக இவ்வளவு அழுகிற ஊழியனை அவர் அதுவரை கண்டிருக்கமாட்டார்.

பொரளைச் சந்தியின் நெரிசலுக்குள்ளால் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது கிரியை பாதி கடந்திருந்தது. மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி தயா மாமா, வெற்றுடம்போடு, விரலில் தர்ப்பையோடு உட்கார்ந்திருந்தார். தகனத்துக்குக் குறித்த நேரம் தப்பிவிடும் என்று குருக்கள் அவசரப்படுத்தியிருக்கிறார். தொடங்கிய கிரியையில் ஆளை மாற்ற முடியாது. அது எனக்கும் தெரியும்.

மாமி தலைமாட்டில் இருந்தா. என்னை மேலிருந்து கீழே பார்த்தா. அந்தக் கோட்டை அதற்குமுன் அவ கண்டதில்லை.

"அவர் உன்னைத்தானேடா கேட்டவர்."

அவ்வளவுதான் சொன்னா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தகனசாலையில் நான் கடைசி வரிசையில், சுவரோடு நின்றேன். தயா மாமா கொள்ளி வைத்தார். கதவு மூடியது. நான் செய்திருக்க வேண்டிய ஒரே ஒரு காரியம், என் கண்முன்னே இன்னொருவர் கையால் முடிந்துபோனது. பக்கத்தில் ஆள் அரவம் கேட்டது. தொப்பியோடு நானா. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். நழுவிக் கிடந்த கோட்டின் தோளை இரண்டு கையாலும் நிமிர்த்திவிட்டு, தையலை ஒருதரம் தடவிப் பார்த்தார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன், மாமா சொன்னதை மறந்து.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று மாமி எனக்குச் சோறு போட்டா. பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினா, ஆனால் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவ ஒரு நாளும் சிரிக்காத விஷயத்தில் மற்ற எல்லோரும் சிரித்தார்கள். சுபா மச்சாள், அன்று அழுதுகொண்டே, நேரலையிலிருந்து அந்தக் காட்சியைப் படமாக எடுத்து வைத்திருந்தாள். முதலில் அது குடும்பக் குழுவில் படமாகச் சுற்றியது. பிறகு ஸ்டிக்கராகப் பதவி உயர்ந்தது. யாராவது வேறு கல்யாண மண்டபத்துக்குள் போய்விட்டாலும், விமானத்தைத் தவறவிட்டாலும், பிள்ளை சோதனையில் வேறு கேள்விக்கு விடை எழுதினாலும் நான்தான் வருவேன், பெட்டியோடு. மாமி மட்டும் ஒருநாளும் அதை அனுப்பியதில்லை. தினமும் காலையில் ஒரு ரோசாப்பூ அனுப்புவா, அதோடு சரி.

ஒன்பது வருடம் கழித்துப் போன மாதம்தான் சுபா மச்சாள் வந்தாள். "அந்தக் கோட்டை வச்சிருக்கிறியோடா? ஒருக்காப் போட்டுக் காட்டு" என்றாள். அவளுக்கு நேரில் சிரிக்க வேண்டியிருந்தது. அலுமாரியின் அடியிலிருந்து எடுத்துப் போட்டேன். பொத்தான் போட்டபோது வயிறு சரியாக வந்து நின்றது. தோள் சரி, கையும் சரி. ஒன்பது வருடச் சோறும் உட்கார்ந்த வேலையும் நானா விட்ட இடத்தையெல்லாம் நிரப்பியிருந்தன. வழுக்கையும் தொடங்கியிருந்தது. மச்சாள் சிரிக்க வாயைத் திறந்தவள், தகப்பனைக் கண்டவள்போல அப்படியே நின்றாள். பிறகு ஒரு படம் எடுத்து, ஒன்றும் எழுதாமல் குழுவில் போட்டாள்.

முதலில் மாமி பார்த்துவிட்டா என்று போன் காட்டியது.

பிறகு மாமியிடமிருந்து பதில் வந்தது. ரோசாப்பூ அல்ல. கறுப்புக் கண்ணாடி, பெட்டி, மெதுவான நடை: அந்த ஸ்டிக்கர்.