நான் வாசித்த ஒரே ஜாஸ் கச்சேரி

எழுத்துக்கும் எனக்கும் வெகு தூரம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கல்யாண வீட்டாருக்குக் கொடுக்கும் ரசீதுகள்தான். படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்மாமா ஆசீர்வாதம் ஒரு பேண்டு செட் வைத்திருந்தார். அதில் நான் கிளாரினெட். கல்யாணம், கோவில் கொடை, சப்பரம், சாவு எல்லாவற்றுக்கும் போவோம். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், தலையில் தொப்பி. சித்திரை வெயிலில் அந்தக் கோட்டுக்குள் நடக்கிறவனுக்கு நரகத்தைப் பற்றி எந்தப் பாஸ்டரும் தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் வாசிப்பதை ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்குக் குறை. கல்யாண ஊர்வலத்தில் எல்லோரும் பெண்ணின் நகையைப் பார்ப்பார்கள். சாவு ஊர்வலத்தில் செத்தவரைப் பார்ப்பார்கள். பேண்டு செட் முன்னால் போகும். மாட்டு வண்டிக்கு முன்னால் மாடு போகிற மாதிரி. என்றைக்காவது ஒரு நாள் மேலே காற்றாடி சுற்ற, நாற்காலியில் உட்கார்ந்து நான் வாசிக்க வேண்டும், எதிரே நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த வயதில் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். (சினிமாவில் நடிக்கப் போறேன்னு ஓடினவனுக்குக்கூட ஊரில் மரியாதை இருந்தது. நாற்காலிக்கு ஆசைப்பட்டவன் நான் ஒருத்தன்தான்.)

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, எங்கள் தெருவுக்குள் ஓர் அம்பாசடர் கார் வந்தது. உள்ளேயிருந்து சுருட்டை முடியும் தங்கப் பல்லுமாக ஒருவர் இறங்கினார். பெயர் மெல்வின். மெட்ராஸில் ஜாஸ் கோஷ்டி வைத்திருக்கிறார். ராஜபாளையத்தில் ஒரு மில்காரக் குடும்பத்தில் பெரியவருக்கு எண்பது வயது நிறைவு. காலையில் வீட்டில் ஹோமம், பூஜை. மாலையில் கிளப்பில் விருந்து. அது வெளிநாட்டில் படித்து வந்த பேரனின் ஏற்பாடு. அந்த விருந்துக்கு வாசிக்கத்தான் கோஷ்டி வந்திருந்தது. அவர்களுடைய கிளாரினெட்காரர் போன மாதம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம். மில்லில் யாரோ எங்கள் செட்டைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதுவே எனக்குப் புதிது.

"நல்லா இருக்கு மேன். இன்னைக்கு ஈவினிங் என்கூட வாசி. சரியா வந்துச்சுன்னா மெட்ராஸ் வந்துடு."

பையிலிருந்து வழவழப்பான தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டலின் நைட் கிளப். அடுத்த மாதத்திலிருந்து வாரக் கடைசிகளில் ஜாஸ் கச்சேரி நடக்கப்போவதாக அதில் போட்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் என்ன விசேஷம் என்பதும் இருந்தது. மேலே ஒரு படம். கறுப்புக் கோட்டுப் போட்ட ஐந்து பேர். ஐந்து பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நைட் கிளப்புன்னா குடிக்கிற எடம்லா? பாஸ்டர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஹோட்டல்னு சொல்லுங்க மாமா" என்றேன். அன்று காலையில் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

"ஏலே ஞானம், வாயத் தொறக்காத பய, இம்புட்டு வெவரமாப் பேசுத!"

உள்ளேயிருந்து மாமா மகள் எஸ்தரின் குரல் வந்தது. "போவட்டும்ப்பா. அங்கயாவது ஒக்காந்து வாசிக்கட்டும். இங்க நடந்து நடந்து காலுதான் தேயுது."

கறுப்புக் கோட்டு வேண்டும் என்று மெல்வின் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் கறுப்புக் கோட்டுக்கு எங்கே போவது? மாமா நேராகக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த இஸ்திரிக் கடைக்குப் போய், தேய்க்க வந்திருந்த வக்கீல் கோட்டு ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தேன். ஜாஸ் வாசிக்கிறவன் மாதிரி தெரியவில்லை. வாய்தா கேட்க வந்தவன் மாதிரி இருந்தேன்.

மத்தியானம் கிளப்பில் ஒத்திகை. அது ராஜபாளையத்து மில்காரர்கள் சேர்ந்து நடத்தும் கிளப். புல்தரையில் ஒரு சின்ன மேடை, சுற்றிலும் மேஜைகள், சீரியல் பல்புகள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். முதுகு சாய்கிற நாற்காலி. அதற்கே கண் கலங்கியது. பாட்டுகளை அவர்கள் வாசிக்கக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன். அதில் சிரமம் இல்லை. சிரமம் வேறு இடத்தில் வந்தது.

"நடுவுல உனக்குக் கை காட்டுவேன். அப்போ நீ தனியா வாசிக்கணும்" என்றார் மெல்வின்.

"என்ன வாசிக்க சார்?"

"உன் மனசுல என்ன இருக்கோ அதை வாசி மேன். அதான் ஜாஸ்."

பேண்டு செட்டில் அத்தனை வருஷம் இருந்தும் என் மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மாமா விசில் ஊதினால் ஆரம்பிப்போம். மறுபடி ஊதினால் நிறுத்துவோம். அன்று சாயங்காலம் வரை மனசுக்குள் துழாவிப் பார்த்தேன். பயம் ஒன்றுதான் கிடைத்தது.

விளக்கு வைத்ததும் விருந்தாளிகள் வந்தார்கள். மில்காரர்கள், டாக்டர்கள், அவர்களுடைய மனைவிமார், பட்டும் வைரமும். நடு மேஜையில் பெரியவர். தெலுங்கு பேசுகிற குடும்பம். வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், கையில் தடி. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சமையல்கட்டுப் பக்கம், பிரியாணி அண்டாக்களுக்கு நடுவே, மாமா நின்றுகொண்டிருந்தார்.

முதல் இரண்டு பாட்டுகள் நன்றாகப் போயின. கைதட்டினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக, உட்கார்ந்திருக்கிற எனக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள் கைதட்டினார்கள். மெட்ராஸில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்றுகூட யோசித்தேன்.

மூன்றாவது பாட்டு மெதுவான பாட்டு. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கம்பியில் செய்த சின்ன விளக்குமாறு மாதிரி இரண்டை எடுத்து டிரம்மின் மேல் தேய்க்க ஆரம்பித்தார். ஷ்ஷ்... ஷ்ஷ்... ஷ்ஷ்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாடைக்குப் பின்னால் மண் ரோட்டில் செருப்புகள் இழுபடும் சத்தம் அது. அந்த வாரம் எங்களுக்கு அடுத்தடுத்துச் சாவு ஆர்டர்கள் வேறு.

மெல்வின் என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

கண்ணை மூடினேன். மனசில் இருந்தது வந்தது. பிணத்தை வீட்டிலிருந்து எடுக்கும்போது வாசிப்போமே, அந்த மெட்டு. மாமா பழக்கியது, எங்கள் பக்கத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. இழுத்து, அழுத்தி, என் உயிரையெல்லாம் கொடுத்து வாசித்தேன். அந்த மெட்டை நான் உட்கார்ந்து வாசித்ததே கிடையாது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. முன்னணி வாத்தியம் நகர்ந்தால்தானே ஊர்வலம் நகரும்? கால் தானாக நகர்ந்தது. மேடையிலிருந்து இறங்கினேன். மேஜைகளுக்கு நடுவே நடந்தேன். எங்கேயாவது மாமா விசில் ஊதியிருந்தால் நின்றிருப்பேன். (ஏன் ஊதலைன்னு பொறவு கேட்டேன். "சாவுல பாதியில நிறுத்தக் கூடாதுலே" என்றார்.)

சரளைக் கல் காலில் குத்தியபோதுதான் கண்ணைத் திறந்தேன். கிளப்பின் பூட்டிய வெளிக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றிருந்தேன். மெட்டை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் என் பின்னால் வந்திருந்தார்கள்.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த மெட்டு கேட்டால் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்துவிடுவார்கள். கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்துவார். தெரிந்தவர் என்றால் பத்தடியாவது கூட நடப்பார். இவர்களும் எழுந்தார்கள், நடந்தார்கள். ஆண்கள் தலை குனிந்திருந்தார்கள். டாக்டர் ஒருவர் செருப்பைக் கழற்றியிருந்தார். சமையல்காரர் கரண்டியோடு நின்றார். எல்லோருக்கும் முன்னால், அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தடியை ஊன்றியபடி பெரியவர்.

அவர் என்னிடம் கேட்டார். "எவுரு போயினாரு?"

யார் காலமானது என்று கேட்கிறார். "யாரும் இல்லைங்கய்யா" என்றேன்.

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மகனைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பிறகு மிக அமைதியாகத் தமிழில் கேட்டார்.

"அப்ப நாந்தானா?"

அவருடைய மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நான் தரையைப் பார்த்தேன். பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். பிளக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய நாசம். துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போனவர்கள் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. நேரே வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். வாசித்தது நான் ஒருவன்தான். பழக்கம் எல்லோருக்கும் இருந்தது. கேட்டருகே கார்கள் நின்றன, டிரைவர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். ஒவ்வொருவராக, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், கார் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் துரத்தவில்லை, அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் புல்தரையில் காலி நாற்காலிகளும், சீரியல் பல்புகளும், கறுப்புக் கோட்டுப் போட்ட நாலு பேரும்தான் மிச்சம். பிரியாணி அண்டாவின் மூடியைக்கூட எடுக்கவில்லை.

பேரன் என்னை அடிக்க வந்தார். பெரியவர் தடியை நீட்டித் தடுத்தார்.

"விடுரா. நல்லாத்தான் வாசிச்சான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா செத்த மெதுவா நடக்கணும், தம்பி. எனக்கு மூட்டுவலி."

அவர் மட்டும் உள்ளே போய், உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டார். (அவிய அதுக்குப் பொறவு ரொம்ப வருசம் இருந்தாக. அதையும் சொல்லிரணும்.)

மெல்வின் கிளாரினெட்டை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

"பொய் சொல்லலை மேன். இந்த மாதிரி ஒருத்தன் வாசிச்சு நான் கேட்டதில்லை."

பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்டேன். "அப்ப மெட்ராஸ் சார்?"

அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"எங்க கிளப்ல ஜனம் உட்கார்ந்து குடிக்கணும், சாப்பிடணும். எந்திரிச்சுப் போச்சுன்னா என்னையும் அனுப்பிடுவாங்க." "சாரி மேன்" என்றார். அவருக்கும் உண்மையிலேயே வருத்தம்தான்.

பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னார்:

"ஏலே, அந்த வெளிக் கேட்டு பூட்டியிருந்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா அம்புட்டு பேரையும் சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்ப."

வீட்டு வாசலில் எஸ்தர் நின்றிருந்தாள். மாமா விஷயத்தைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "நீங்க வாசிச்சத அந்தப் பெரியவரு கேட்டாருல்லா?" என்றாள்.

அதை நான் அதுவரை யோசிக்கவில்லை. அம்மாதிரி யோசிக்கிற பெண் அவள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். இப்போது எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பேச்சை முடிக்காமல் உட்கார்ந்திருந்தால், சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, செத்த அந்தப் பெட்டிய எடுங்களேன்." கதை தெரிந்த சொந்தக்காரர்கள் உடனே எழுந்துவிடுவார்கள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போன வாரம் சீட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் நகரவே இல்லை. என் மகன் நிஜமாகவே கிளாரினெட் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டான்.

அந்த விருந்துக்கு மறுநாள் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம். பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரை வாசித்துக்கொண்டு நடந்தோம். நல்ல வெயில். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள்.